உங்களுக்குத் தெரியுமா? 30 கி.மீ. தாண்டியதும் கால் ஏன் துவள்கிறது?

மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. நன்றாக ஓடிவந்த பலர் 30 கி.மீ. வாக்கில் திடீரெனத் துவண்டுவிடுவார்கள். மன உறுதி குறைந்துவிட்டது என்று அவர்களைக் குறை சொல்லவே கூடாது, தீர்ந்துபோனது கிளைகோஜன். சோறு, இட்லி, உருளைக்கிழங்கில் உள்ள மாவுச்சத்தை உடல் இந்த வடிவில்தான் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். மொத்தம் ஏறத்தாழ 2,000 கலோரி, அவ்வளவே இருப்பு.

கொழுப்போ ஒல்லியானவர் உடலிலும் கிலோ கணக்கில் இருக்கும். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தந்தால், கொழுப்பு 9 தரும். ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அதே அளவு ஆற்றலுக்கு ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். நிதானமாக நடப்பவருக்கு அது தாராளமாகப் போதும், வேகமாக ஓடும் காலுக்கு ஈடுகொடுக்காது.

இதில் பெரிய வியப்பு ஒன்று உண்டு. தசை தன் கிளைகோஜனை குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடாது. அதற்கான நொதி அதனிடம் இல்லை. தொடையில் எவ்வளவு இருப்பு இருந்தாலும், ரத்தச் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது கல்லீரல்தான். அதுவும் வற்றினால் தலை கிறுகிறுக்கும், கவனம் சிதறும். அதனால்தான் அனுபவசாலிகள் களைப்பு வரும்வரை காத்திராமல், ஓட ஓடவே சர்க்கரை கலந்த பானத்தை உறிஞ்சிக்கொள்கிறார்கள்.