பெயரில் தங்கம் இருந்தால் போதுமா? நாணயம் தோண்டுதலும் மாற்று நாணயங்களின் பலவீனமும்



“சார், என் கூட்டாளி ஒருத்தன் புதுசா ஒரு காயின் வாங்கியிருக்கான். ரெண்டு மடங்கு ஆயிடுச்சாம். நானும் வாங்கலாமா?” உயர்நிலை வகுப்புகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. வாய்மொழித் தேர்வு உரையாடலிலும் கட்டுரையிலும் ‘மின்னிலக்கப் பணம்’ என்ற தலைப்பு வரலாம். “வாங்காதே” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் மாணவர் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுவார். ஏன் ஆபத்து என்று விளக்கத் தெரிந்தால்தான் பயன்.

சிராங்கூன் சாலையில் நகை வாங்கப் போனால் கடைக்காரர் விலைப் பலகையைக் காட்டுவார், எடை போடுவார். சந்தேகம் இருந்தால் உரைத்தும் பார்க்கலாம். மின்னிலக்க நாணயத்தை உரைத்துப் பார்க்கக் கல் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நாணயத்தின் கணக்கைக் காப்பது யார்? அந்தக் காவலை உடைக்க எவ்வளவு செலவாகும்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

1. பேரேட்டை எழுதுவது யார்?

ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். கொடுக்கல் வாங்கல் எல்லாம் பேரேட்டில் ஏறும். பேரேடு ஒன்று; அது அந்தக் கடையின் கையில். மக்கள் கடையை நம்பினார்கள். இன்று வங்கியும் அப்படித்தான், பேரேடு கணினிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

2008 அக்டோபர் 31ஆம் தேதி சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர், அல்லது ஒரு குழு, வேறு ஒரு வழியைச் சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். பேரேடு ஒருவர் கையில் வேண்டாம். விரும்பும் எல்லாரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும் என்பது அந்த யோசனை. 2009 ஜனவரி 3இல் பிட்காயின் பேரேட்டின் முதல் பக்கம் உருவானது. இந்தப் பக்கங்களைத்தான் ‘பிளாக்’ என்கிறோம். ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தோடு கணித முறையில் பிணைந்திருப்பதால் மொத்தமும் ‘பிளாக்செயின்’, தமிழில் கட்டச்சங்கிலி.

சரி, எல்லாரிடமும் பிரதி இருந்தால் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் ஏமாற்றுக்காரரும் எழுதுவாரே? இதற்கு விடைதான் ‘தோண்டுதல்’.

2. தோண்டுதல் என்றால் என்ன?

தோண்டுதல் என்றதும் மண்வெட்டியை நினைக்க வேண்டாம். இது கணினிகள் ஆடும் ஒரு பகடை ஆட்டம். அடுத்த பக்கத்தை எழுத விரும்பும் கணினிகள், ஒரு கணித நிபந்தனைக்குப் பொருந்தும் எண்ணைத் தேடுகின்றன. யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் கண்டுபிடிப்பவர் பக்கத்தை எழுதுகிறார்; பரிசாகப் புதிய பிட்காயின் பெறுகிறார். கண்டுபிடிப்பது கடினம், மற்றவர்கள் சரிபார்ப்பது மிக எளிது.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை: ஐந்து மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு பகடைகள் கொடுங்கள். யாருக்கு முதலில் இரண்டிலும் ‘1’ விழுகிறதோ அவர் பலகையில் ஒரு வரி எழுதலாம். 36இல் ஒரு வாய்ப்புதான், நேரமெடுக்கும். விழுந்ததா இல்லையா என்று பார்க்கவோ ஒரு நொடி போதும். பிறகு ஒரே மாணவருக்கு மட்டும் பன்னிரண்டு பகடைகள் கொடுத்து, இரண்டிரண்டாக உருட்டச் சொல்லுங்கள். பலகை யார் கைக்குப் போகிறது என்று வகுப்பே பார்க்கும். நான்காம் பகுதிக்கு இது தேவைப்படும்.

பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். கணினிகள் கூடினால் கணக்கும் கடினமாகும். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது தானாகச் சரிசெய்யப்படும். பரிசு தொடக்கத்தில் 50 பிட்காயின். 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை பாதியாகி 3.125 ஆனது. மொத்தம் 21 மில்லியனுக்கு மேல் உருவாகாது.

3. சிங்கப்பூரில் தோண்டினால் கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோண்டுவதற்கென்றே செய்யப்படும் இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 3.5 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 84 யூனிட். வீட்டு மின்கட்டணம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்றால், நாளுக்கு 25 வெள்ளி, மாதத்துக்கு 750 வெள்ளிக்கு மேல். நம்ம ஊர் வெப்பத்தில் குளிரூட்டிச் செலவு தனி. உலகம் முழுவதற்கும் ஒரு நாளில் கிடைக்கும் புது பிட்காயின் ஏறத்தாழ 450தான். அதற்கு லட்சக்கணக்கான இயந்திரங்கள் போட்டி போடுகின்றன. மலிவான மின்சாரம் உள்ள நாடுகளில்தான் இந்தத் தொழில் நிலைக்கிறது.

அதனால் சிலர் வேறு நாணயங்களின் பக்கம் போனார்கள். கணினி விளையாட்டுக்கான வரைகலை அட்டையை வைத்தே சில மாற்று நாணயங்களைத் தோண்ட முடியும். 2017, 2018இல் உலகெங்கும் அந்த அட்டைகளுக்குத் தட்டுப்பாடு. அப்போது சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கணினி வாங்கப் போனவர்களுக்கு அந்த விலையேற்றம் நினைவிருக்கும்.

இன்னும் சிலர் மற்றவர்களின் மின்சாரத்தில் தோண்டப் பார்த்தார்கள். சிங்கப்பூர் ஆடவர் ஒருவர் திருடிய அடையாளங்களை வைத்து, அமேசான் உள்ளிட்ட மேகக் கணினிச் சேவைகளில் நாணயம் தோண்டியதாக 2019இல் அமெரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்டது. 5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட சேவை கட்டணமின்றிப் பயன்படுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. மாணவர்களே, இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு மென்பொருளுக்குள் ஒளிந்து உங்கள் மடிக்கணினியையே தோண்ட வைக்கும் நிரல்களும் உண்டு. காரணமில்லாமல் கணினி சூடாகிறது, விசிறி அலறுகிறது என்றால் சோதித்துப் பாருங்கள்.

4. முதல் பலவீனம்: காவல் குறைவு

பிட்காயினுக்குப் பின் வந்தவற்றைப் பொதுவாக ‘மாற்று நாணயங்கள்’ என்கிறார்கள். 2011இல் லைட்காயின் வந்தது. 2013இல் வேடிக்கைக்காக டோஜ்காயின் வந்தது. பிறகு ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. புதிய நாணயம் தொடங்குவது எளிது. பிட்காயினின் நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. நிரலை நகலெடுக்கலாம். ஆனால் அதைக் காக்கும் கணினிகளின் கூட்டத்தை நகலெடுக்க முடியாது.

பகடை ஆட்டத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மொத்தப் பகடைகளில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால், அவர் மறைவாகத் தனக்கென்று வேறு பக்கங்களை எழுதிக்கொண்டே போகலாம். இதுவே ‘51 விழுக்காட்டுத் தாக்குதல்’. அவர் முதலில் நாணயத்தைச் சந்தையில் விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்வார். பிறகு, அந்த விற்பனையே இல்லாத தன்னுடைய நீண்ட சங்கிலியை வெளியிடுவார். நீளமான சங்கிலியே சரியானது என்பது விதி. ஆக, பணமும் அவரிடம், நாணயமும் அவரிடம்!

இது கற்பனை அல்ல. ‘பிட்காயின் கோல்ட்’ என்ற நாணயம் 2017 அக்டோபரில் பிட்காயினிலிருந்து பிரிந்து வந்தது. பெரிய நிறுவனங்களின் சிறப்பு இயந்திரம் வேண்டாம், சாதாரண மக்களும் வரைகலை அட்டையை வைத்துத் தோண்டட்டும் என்பது அதன் நோக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் கருவி தாக்குபவருக்கும் சாதாரணமாகக் கிடைக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கே எடுக்கலாம். 2018 மே மாதத்தில் தாக்குதல் நடந்தது. இழப்பு ஏறத்தாழ 18 மில்லியன் அமெரிக்க டாலர். நல்ல நோக்கமே பலவீனமாகிப் போனது. பெயரில் மட்டும் தங்கம்!

‘எத்தீரியம் கிளாசிக்’ கதையும் அப்படித்தான். அன்று பெரிய எத்தீரியத்தையும் சிறிய கிளாசிக்கையும் ஒரே வகைக் கருவியால் தோண்ட முடியும். பெரிய கூட்டத்திலிருந்து ஒரு சிறு பகுதி திரும்பினாலே சின்ன நாணயம் கவிழ்ந்துவிடும். 2019 ஜனவரியில் அது தாக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் மூன்று முறை.

5. இரண்டாம் பலவீனம்: சிலர் கையில் சாவி

எல்லா நாணயமும் தோண்டப்படுவதில்லை. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் தோண்டுதலையே கைவிட்டது. நாணயத்தைப் பிணையாக வைப்பவர்கள் பக்கத்தை எழுதும் முறைக்கு மாறியது. மின்சாரப் பயன்பாடு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இது நல்ல சான்று.

ஆனால் பிணை முறையில், அதிக நாணயம் வைத்திருப்பவருக்கு அதிக அதிகாரம். பரவலாகப் பலர் வைத்திருந்தால் பரவாயில்லை. புதிய நாணயங்கள் பலவற்றில் தொடங்கியவர்களே பெரும்பங்கை முன்கூட்டி ஒதுக்கிக்கொள்கிறார்கள். விலை ஏறியதும் அவர்கள் மொத்தமாக விற்றால், கடைசியாக வாங்கியவர் தலையில்தான் துண்டு.

6. மூன்றாம் பலவீனம்: பின்னால் இருப்பது வெறும் வாக்குறுதி

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டாம். டெராஃபார்ம் லேப்ஸ் என்ற நிறுவனம் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டது. நிறுவனர்களில் ஒருவர் தென்கொரியரான டோ குவோன். அது வெளியிட்ட ‘டெராயுஎஸ்டி’ எப்போதும் ஓர் அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்கும் என்றார்கள். அதைப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி தந்தது ‘ஆங்கர்’ என்ற சேவை.

அந்த ஒரு டாலருக்குப் பின்னால் என்ன இருந்தது? முக்கியமாக, அதே நிறுவனத்தின் இன்னொரு நாணயமான ‘லூனா’. ஒரு டெராயுஎஸ்டி கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா கிடைக்கும். ஒரு கூப்பனைக் கொடுத்தால் இன்னொரு கூப்பன்! 2022 மே மாதம் பலர் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் புது லூனா அச்சடிக்கப்பட்டது; அதனால் லூனா விலை விழுந்தது; விழுந்ததால் இன்னும் அதிகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 350 மில்லியனாக இருந்த லூனா சில நாள்களில் 6 டிரில்லியனைத் தாண்டியது. மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். சுமார் 40 பில்லியன் அமெரிக்க டாலர் கரைந்துபோனது.

அதில் பணம் போட்டிருந்த, சிங்கப்பூரிலிருந்து இயங்கிவந்த ‘திரீ ஏரோஸ் கேப்பிட்டல்’ 2022 ஜூன் மாதத்திலேயே நொடித்தது. டோ குவோன் 2023 மார்ச்சில் மொண்டெநெக்ரோவில் பிடிபட்டார். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதே 2022இன் நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சந்தை சரிந்தபோது, தெமாசெக் நிறுவனமே 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை முழுவதும் நட்டமாக எழுத வேண்டியிருந்தது. கைதேர்ந்த நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், தேசிய சேவைப் படித்தொகையைச் சேர்த்து வைத்திருக்கும் இளையருக்கும், ஊருக்குப் பணம் அனுப்ப ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வரும் ஊழியருக்கும் என்ன பாதுகாப்பு?

7. அரசாங்கம் என்ன செய்கிறது?

கட்டணச் சேவைகள் சட்டம் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மின்னிலக்க நாணயச் சேவை வழங்குவோர் அதன்கீழ் உரிமம் பெற வேண்டும். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம், பொதுமக்களிடம் இவற்றை விளம்பரப்படுத்தக்கூடாது என்று வழிகாட்டியது. பொது இடங்களிலிருந்த கிரிப்டோ தானியங்கி இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. டெரா சரிவுக்குப் பிறகு, 2023 ஆகஸ்ட்டில் நிலைநாணயங்களுக்கான விதிமுறை அறிவிக்கப்பட்டது: முழு மதிப்புக்கும் இருப்பு இருக்க வேண்டும், கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஒன்று: உரிமம் என்பது நடத்துபவருக்குத்தான். நாணயத்தின் விலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

8. தேர்வு நோக்கில்

*நாணயத்தைச் சோதிக்கும் நான்கு கேள்விகள்:* கணக்கைக் காப்பது யார், எத்தனை பேர்? அந்தக் காவலை வாடகைக்கு வாங்க முடியுமா? பெரும்பங்கு யார் கையில்? வட்டி கொடுக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அதுவே பதில்.

*கலைச்சொற்கள்:* பேரேடு – கொடுக்கல் வாங்கல் எல்லாம் பதியும் ஏடு. கட்டச்சங்கிலி – பிளாக்செயின். தோண்டுதல் – கணினித் திறனால் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை பெறுதல். நிலைநாணயம் – குறிப்பிட்ட பணத்தின் மதிப்பில் நிற்பதாகச் சொல்லப்படும் நாணயம். பிணை – உறுதிக்காக ஒப்படைக்கும் சொத்து.

*பொருத்தமான பழமொழிகள்:* மின்னுவதெல்லாம் பொன்னல்ல. ஆழமறியாமல் காலை விடாதே. பேராசை பெருநட்டம். கட்டுரையில் பழமொழியை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். பிட்காயின் கோல்டையோ லூனாவையோ சான்றாகக் காட்டி இணைத்து எழுதுங்கள்.

*கலந்துரையாட:*

1. “சாதாரண மக்களும் தோண்டட்டும்” என்ற நோக்கம் பிட்காயின் கோல்டுக்கு எப்படிப் பலவீனமானது?
2. டெராயுஎஸ்டிக்கும் 2023 விதிமுறைப்படியான நிலைநாணயத்துக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் நண்பர் புதிய நாணயம் ஒன்றில் சேமிப்பைப் போட நினைக்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வீர்கள்? (வாய்மொழித் தேர்வுப் பயிற்சி)

மூன்றாவது கேள்விக்கு மாணவர்கள் தரும் பதில்களை வகுப்பில் பேச விடுங்கள். தேர்வு முடிந்த பிறகும், நிஜமாகவே ஒரு கூட்டாளி வந்து கேட்கும்போது, அந்தப் பதில்தான் உதவும்.