நள்ளிரவு மூச்சுத்திணறல் எல்லாம் ‘முட்டு’ அல்ல

யாழ்ப்பாணத்தில் யாருக்காவது மூச்சு வாங்கினால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் சொல் ‘முட்டு’. பம்ப்பைத் தேடுவார்கள், நெஞ்சில் தைலம் பூசுவார்கள், விடியட்டும் பார்ப்போம் என்பார்கள். நான் வளர்ந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால், நீண்டகாலமாகப் பிரஷர் உள்ள ஒருவருக்கு இரவில் திடீரென்று மூச்சு முட்டினால், அந்த வருத்தம் இருதயத்தில் தொடங்கியதாக இருக்கலாம். இரண்டிலும் நெஞ்சு இழுக்கும் சத்தம் கேட்கலாம். மருந்து வேறு.

இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும்போது உடலெங்கும் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள இருதயத்தின் இடப்பக்கம் திணறுகிறது. முன்னே போக முடியாத இரத்தத்தின் அழுத்தம் பின்னே நுரையீரலில் ஏறி, அங்குள்ள காற்றுப் பைகளுக்குள் நீர் கசிகிறது. மூச்சு முட்ட முட்டப் பயமும், பயத்தால் அழுத்தமும் கூடுகின்றன. சிலருக்கு இந்தச் சுழற்சி சில நிமிடங்களிலேயே முற்றிவிடும். நோயாளி படுக்க முடியாமல் எழுந்து உட்காருவார், குளிர்ந்து வியர்ப்பார், சிலவேளை இளஞ்சிவப்பு நுரை துப்புவார்.

நுரையீரலில் தண்ணீர் என்றதும் சிறுநீரை வெளியேற்றும் ஊசி போட்டால் சரி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கிளினிக் போகும் பலருக்கு ‘லேசிக்ஸ்’ என்ற பெயர் தெரியும். அதன் மருந்துப் பெயர் ஃபுரோசமைட். கால் வீங்கி, உடலில் நீர் தேங்கியவருக்கு அது அவசியம். ஆனால் பிரஷர் ஏறி வரும் இந்தத் தாக்குதலில் பலருக்கு உடலில் நீர் அதிகம் சேர்ந்திருப்பதில்லை, இருக்கும் நீர்தான் நுரையீரலுக்குள் தள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே முதலில் செய்யவேண்டியது இறுகிய குழாய்களைத் தளர்த்துவது. அதைச் செய்பவை நைட்ரேட் வகை மருந்துகள். நாக்கின் கீழ் வைக்கும் ஜிடிஎன் குளிசை அந்த வகைதான். வைத்தியசாலையில் இதையே நாளம் வழியாக, அழுத்தத்தை அடிக்கடி அளந்து அளந்து கொடுப்பார்கள். சில நிமிடங்களில் வேலை தொடங்கும். கூடவே, முகத்தில் இறுக்கமாகப் பொருத்தும் சிபாப் முகமூடி, அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும்.

இதற்கு ஆதாரமான ஆய்வொன்று 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இஸ்ரேலில் அம்புலன்ஸ் குழுக்கள் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நைட்ரேட்டை அதிகமாகவும், மற்றதற்கு ஃபுரோசமைட்டை அதிகமாகவும் கொடுத்தன. செயற்கைச் சுவாச இயந்திரம் தேவைப்பட்டோர் முதல் பிரிவில் 13 வீதம், இரண்டாவதில் 40 வீதம். மாரடைப்பு 17 வீதம், 37 வீதம். சிறிய ஆய்வுதான், நூற்றுச் சொச்சம் பேர். ஆனாலும், வைத்தியசாலை வாசலுக்கு வருமுன்னரே சிகிச்சையைத் தொடங்கினால் என்ன மாறும் என்பதை அது காட்டியது.

நமக்கு இது முக்கியம். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்கிற்கு வந்தது. ஓட்டோ பிடித்து யாழ் போதனா வைத்தியசாலைவரை கொண்டுபோவதைவிட, வழியிலேயே ஒட்சிசன் கிடைப்பது பெரிய வித்தியாசம். நெடுந்தீவில் இருப்பவருக்கோ குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கே படகுக்கு முன் பிரதேச வைத்தியசாலையில் கிடைக்கும் முதல் மருந்துதான் உயிரைத் தாங்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அயல்வீட்டு ஐயாவின் ஜிடிஎன் குளிசையை வாங்கிக் கொடுக்காதீர்கள். அழுத்தம் குறைந்திருப்பவருக்கும், வயாகரா போன்ற மருந்து எடுத்தவருக்கும், இருதய வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் அது ஆபத்து. வைத்தியர் அவருக்கென்றே எழுதிக் கொடுத்ததை, சொன்ன விதத்தில் மட்டும் பாவிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது: ஆளைப் படுக்க வைக்காதீர்கள், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். தண்ணீர், தேத்தண்ணி பருக்கவேண்டாம். உடனே 1990ஐ அழையுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையில் எடுங்கள். கடைசியாக எப்போது பிரஷர் குளிசை போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குளிசையை இடையில் நிறுத்துவது இத்தகைய தாக்குதலுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. சுகமாக இருக்கிறது என்று கிளினிக்கைத் தவறவிடும் நம் பெரியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.