சிறுநீரும் உரம்தான்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை. இடுக்கி மாவட்டத்தில் மறையூர், தேவிகுளம். தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழும் எல்லைப் பகுதிகள் இவை. மலைச் சரிவில் மேல் வீட்டின் கழிப்பறைக் குழிக்குக் கீழே மற்றொரு வீட்டின் கிணறு இருக்கும். பாறை நிலத்தில் குழி தோண்டுவதும் கடினம். வறண்ட இடங்களில் கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்கு வேறு ஒரு கழிப்பறை உண்டு.

முசிறி காட்டிய வழி

திருச்சி மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கும் ஊர் முசிறி. அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். குழி தோண்டினால் ஊற்று வரும். மலம் தண்ணீரோடு கலந்துவிடும். 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பகுதியில் தரைக்கு மேலே கட்டும் கழிப்பறைகளை அறிமுகம் செய்தது. அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முசிறியில் இருந்த ஒரு பொதுக் கழிப்பறையில், பயன்படுத்தியவருக்கே ஒரு முறைக்கு 10 காசு கொடுத்தார்கள். 2008-இல் இது வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. காசு ஏன்? அவர் விட்டுச் சென்றது உரம்!

சிறுநீரில் என்ன இருக்கிறது?

பயிருக்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் சிறுநீரில் உண்டு. ஒருவர் வருடத்துக்குச் சுமார் 400 முதல் 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். அதில் உள்ள தழைச்சத்து சுமார் 5 கிலோ யூரியாவில் உள்ள அளவு.

கழிப்பறை எப்படி இருக்கும்?

முன்பக்கம் சிறுநீர் போக ஒரு வழி. அது குழாய் வழியாக மூடிய கேனில் சேரும். நடுவில் மலம் விழ ஒரு துளை. அதன் கீழே தொட்டி. கழுவுவதற்குத் தனி இடம். கழுவிய தண்ணீர் வெளியே செடிப் பாத்திக்குப் போகும். மலம் கழித்த பின் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஒரு கை சாம்பல் போட்டு மூட வேண்டும்.

தொட்டிகள் இரண்டு இருக்கும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு, மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடிய தொட்டியை ஒரு வருடத்துக்கு மேல் திறக்கக் கூடாது. அதற்குள் அது காய்ந்து மண்போல ஆகிவிடும். மட்காத மலத்தை மனிதரை வைத்து அள்ளச் செய்வது குற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

புதிதாக வருபவருக்குச் சொல்லுங்கள்

வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் அடுப்படி எது, கிணறு எது என்று காட்டுகிறோம். கழிப்பறையையும் அப்படியே காட்ட வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு அம்மா சொல்லித்தர வேண்டும். ஆண் விருந்தாளிக்கு வீட்டு ஆண்கள் சொல்லலாம். "ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும்" என்பதையும் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒருவர் தெரியாமல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் தொட்டி ஈரமாகும். நாற்றம் வரும். ஈ மொய்க்கும். கிருமி சாகாது. பிறகு வீட்டாரே கழிப்பறையை வெறுத்துக் காட்டுக்குப் போகத் தொடங்குவார்கள்.

பயிருக்கு எப்படி விடுவது?

சிறுநீர்க் கேனை இறுக மூடி வைக்க வேண்டும். திறந்திருந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும். ஒரு பங்கு சிறுநீருக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். இலைமேல் தெளிக்கக் கூடாது. வாழை, தென்னை போன்றவற்றுக்கு வேரைச் சுற்றி மண்ணில் விட்டு, மண்ணால் மூட வேண்டும். மழை வரும் நேரத்தில் விட்டால் ஓடையில் போய்ச் சேரும்.

"சிறுநீர் விட்ட காயைச் சாப்பிடலாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். சாப்பிடலாம். சொந்தத் தோட்டம் என்றால், கடைசியாகச் சிறுநீர் விட்டு ஒரு மாதம் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். பல வீட்டுச் சிறுநீரைச் சேர்த்தால், மூடிய கேனில் ஆறு மாதம் வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.