மூடியைக் கழற்றினால் பொன்முடி

பொன்முடி மலைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் மேகத்தைத்தான் காட்டுவார்கள். கல்லாற்றிலிருந்து ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள், சரிவெல்லாம் தேயிலை, சுமார் 1100 மீட்டர் உயரத்தில் எதிரில் நிற்பவரையே மறைத்துவிடும் மூடுபனி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மேடை. எனக்கு ஒப்பனை அறையை எட்டிப் பார்த்தால்தான் சாப்பாடு செரிக்கும். பைக்கில் ஒப்பனை அறை எங்கே என்கிறீர்களா? பெரும்பாலான வண்டிகளில் இடது பக்கம், கியர் லீவருக்குச் சற்றுப் பின்னால், சில போல்ட்டுகள் பிடித்திருக்கும் சின்ன மூடிக்கு உள்ளே. இத்தனை வளைவையும் ஏறும் பலம் அந்த உள்ளங்கை அகல இடம் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. வண்டி வாங்கியதிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

விதுரா பக்கம், மலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பட்டறை. நண்பனின் டியூக் 390 அங்கே நின்றது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு என்று மழையிலேயே ஊறி வந்த வண்டி. பாலோட்டிலேயே செயின் கடகடவென்று பேச ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் ஸ்பானரைத் தொடவே இல்லை. குனிந்தார். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தார். பல்லில் பாதிக்கு மேல் தெரிந்தது.

“தீர்ந்நு” என்றார். ஒரே சொல்லில் தீர்ப்பு!

பிறகு மூடி கழன்றது. அடடா, என்ன காட்சி! பழைய செயின் மசகு (லூப்), செம்மண், ரப்பர் தூள், மக்கிய இலை எல்லாம் சேர்ந்து கரிய அல்வாவாக உறைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் வழித்துப் போட்டால் ஒரு கை கொள்ளும். அதற்கடியில்தான் நம் கதாநாயகன், 15 பல் முன் ஸ்ப்ராக்கெட். பற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, கொக்கி போல வளைந்துவிட்டன. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, உண்மையில் இரும்புத் தகடு எதுவும் இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு மூட்டில் மயிரிழைதான் தேயும், ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் இருக்கின்றன. 520 செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15.875 மில்லிமீட்டர். 20 கண்ணிகளை அளந்தால் 317.5 வர வேண்டும். அது 320ஐத் தாண்டி ஒரு சதவீதம் கூடிவிட்டாலே விடை கொடுக்கத் தயாராகிவிட வேண்டும். இடைவெளி கூடிய செயின் பல்லின் அடியில் உட்காராது, மேலேறி உட்காரும், உட்காருமிடத்தை அரிக்கும். அரிபட்ட பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே கிழடாகிவிடும். முன் பல், பின் பல், செயின் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் பேராசையால் அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர்ப்பெருமை பேச அனுமதி வேண்டும். பட்டறை அலமாரியில் அடுக்கியிருந்த செயின் கிட் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். ரோலான், கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் தயாரிப்பு. 1937இல் பஸ் போக்குவரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. பக்கத்திலேயே டைமண்ட், சென்னை முருகப்பா குழுமத்தினுடையது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை வாங்கிய புஷ் ரோலர் செயின் என்ன ஆயிற்று பாருங்கள். இந்தியாவின் செயின் பூட்டிய இருசக்கர வண்டிகளில் பெரும்பங்கை இழுக்கும் வேலையை இன்று நம்மூர்க்காரர்கள் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பொன்முடியில் ஏறும் மலையாளி வண்டியின் காலிலும் கொங்கு நாட்டு இரும்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு!

சரி, கழற்றும் படலம். இதில் ஒரு பட்டறை ரகசியம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிய நட் பிடித்திருக்கும் வண்டிகளில், பழைய செயினை வெட்டுவதற்கு முன்பே அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஒருவர் பின் பிரேக்கை மிதிப்பார், இன்னொருவர் நீளமான கைப்பிடி போட்டுத் திருப்புவார். செயின் இருந்தால்தான் பிரேக்கின் பிடி முன் பல்லுக்கு வரும். முதலில் செயினை வெட்டிவிட்டால் பல் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும். சில வண்டிகளில் வெறும் சர்க்ளிப்தான், அல்லது பூட்டுத் தகடும் இரண்டு சின்ன போல்ட்டும்தான். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து கிரைண்டர். செயின் பின்னின் ரிவெட் தலையைத் தேய்த்தபோது தீப்பொறி தீபாவளி. பின்சக்கரம் வெளியே வந்ததும் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களை அழுத்திப் பார்த்தார். இன்ஜினின் உதறலை வாங்கிக்கொள்பவை இவைதான். செயின் கிட்டுக்குக் காசு கொடுக்கிறவர்கள் இந்த ரப்பரைக் கேட்பதே இல்லை. வெடித்துப்போனது இருந்தால் எவ்வளவு நல்ல செயின் போட்டாலும் வண்டி வெட்டி வெட்டித்தான் ஓடும்.

அதற்கப்புறம்தான் உச்சக்கட்டம். பெஞ்சின்மேல் இரண்டு முன் ஸ்ப்ராக்கெட்டுகள். ஒன்றில் 15 பல், இன்னொன்றில் 14. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நண்பனின் கண்ணில் மட்டும் மின்னல். “அண்ணா, 14 போட்டா பொன்முடி சும்மா பறக்குமா?”

கணக்கு எளிது. டியூக் 390இல் முன்னால் 15, பின்னால் 45, விகிதம் 3. முன்னால் 14 ஆக்கினால் 3.21. இழுவை 7 சதவீதம் கூடும். இதையே பின்னால் செய்ய வேண்டுமென்றால் 45ஐ 48 ஆக்க வேண்டும். முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்று. விலையோ முன் பல்லுக்குக் கொஞ்சம்தான். உலகெங்கும் ஆசை பிடித்தவர்கள் முதலில் கை வைப்பது முன் பல்லில் என்பதற்குக் காரணம் இதுதான்.

கொண்டை ஊசி வளைவில் இந்த 7 சதவீதம் என்ன செய்யும்? வளைவுக்குள் நுழையும்போது முதல் கியர் அலறும், இரண்டாவது கியர் முனகும். இரண்டுங்கெட்டான் வேகம். இரண்டாவது கியரில் இன்ஜின் 2500 சுற்றில் திணறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பல்லில் அதே வேகத்துக்கு 2680 சுற்று சுற்றும், திணறல் கொஞ்சம் தெளியும். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு மன்றாட வேண்டாம். பொன்முடி மாதிரி மலைக்கு இது ஆசை காட்டும் சங்கதிதான்.

ஆனால் மூடிக்கு உள்ளே எட்டிப் பார்த்தவனுக்கு மறுபக்கமும் தெரியும். நெடுஞ்சாலையில் 6000 சுற்றில் போன அதே வேகத்துக்கு இனி 6430 வேண்டும். கையும் இருக்கையும் கூடுதலாக நடுங்கும், பெட்ரோலும் கூடும். சிறிய பல் சக்கரத்தில் செயின் கூர்மையாக மடங்கும். ஸ்ப்ராக்கெட் வட்டம் அல்லவே, பலகோணம்! அதனால் இன்ஜின் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 15 பல்லில் சுமார் 2.2 சதவீதம், 14இல் 2.5. சின்ன விஷயம்தான், ஆனால் தேய்மானம் சின்ன விஷயங்களில்தான் குடியிருக்கிறது. ஸ்விங் ஆர்மின் மேலுள்ள ரப்பரிலும் செயின் அதிகமாக உரசும். பின் ஆக்சில் சுமார் 4 மில்லிமீட்டர் பின்னால் நகரும். அதற்கு அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேகத்தை கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் வண்டியென்றால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும்.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். செயினில் கண்ணிகளின் எண்ணிக்கை அநேகமாக எப்போதும் இரட்டைப்படை. பல்லும் இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பல் காலம் முழுக்க உள் கண்ணியையே சந்திக்கும், பக்கத்துப் பல் வெளிக் கண்ணியையே சந்திக்கும். 15 மாதிரி ஒற்றைப்படையென்றால் எல்லாப் பல்லும் இரு வகைக் கண்ணியையும் மாறி மாறிப் பார்த்து, தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இதே இரட்டைப்படைச் சமாச்சாரத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறவர்கள் மலைச் சைக்கிள்காரர்கள். முன்னால் ஒரே ஒரு வளையம், அதில் ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெல்லியது. தடித்தது வெளிக் கண்ணிக்கு, மெல்லியது உள் கண்ணிக்கு. குலுங்கினாலும் செயின் கழலாது. 2023 அக்டோபர் கடைசி வாரத்தில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது எங்கே தெரியுமா? இதே பொன்முடியில்! பின்சக்கரத்தில் 10 பல்லிலிருந்து 50ஐத் தாண்டும் பல் வரை 12 அடுக்கு வைத்துக்கொள்வது அந்த விளையாட்டில் இப்போது சர்வசாதாரணம். அவர்கள் ஓடும்போதே பல்லை மாற்றுவார்கள். பைக்குக்காரன் பட்டறையில் முடிவெடுத்துவிட்டு அதோடுதான் ஊர்போக வேண்டும்.

நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தான். அவர் 15ஐ எடுத்துத் துடைத்தார். “வண்டிக்கு இது மதி, போதும் தம்பி. 22 வளைவு ஒரு மணி நேரம். தென்காசி திரும்ப எத்தனை மணி நேரம்?” பேச்சு முடிந்தது. என் ஓட்டும் அதற்குத்தான்.

மாட்டும்போது அவர் காட்டிய நிதானம் கழற்றும்போது காட்டியதைவிட அழகு. புது ரிவெட்டை அழுத்தியதும் அந்தக் கண்ணி தாராளமாக மடங்குகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ரிவெட் இல்லாமல் கிளிப் லாக் போடும் சின்ன வண்டிகளில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் வழியில் எங்காவது கழன்றுகொள்ளும். செயின் தளர்வை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் இறுக்கம் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மேனுவல் சொல்லும் அளவை வைத்தார். ஆள் ஏறி உட்கார்ந்தால் செயின் மேலும் இறுகும், அதற்கு இடம் விட்டாக வேண்டும்.

ஏறினோம். வளைவு பலகைகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். செயினிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை! மேலே மேகமும் இருந்தது, சொல்லாமல் விட்டால் பாவம்.

என் தீர்ப்பைக் கேட்டால், 150 சிசிக்கு மேற்பட்ட நல்ல நிலையிலுள்ள வண்டிக்குப் பொன்முடிக்காகப் பல் மாற்றுவது வீண் செலவு. 100 சிசி வண்டியில் இரண்டு பேரும் மூட்டையுமாக அடிக்கடி மலையேறுகிறவர் என்றால் முன்னால் குறைக்காதீர்கள், பின்னால் இரண்டு பல் கூட்டிப் பாருங்கள், 42 இருக்குமிடத்தில் 44. மழையில் ஏறி இறங்கினால் அன்றிரவே மண்ணெண்ணெயில் துடைத்து லூப் அடியுங்கள். ஓ-ரிங் செயினில் பெட்ரோல் படவே கூடாது. துடைக்கும்போது இன்ஜினை ஓடவிடாதீர்கள், விரல் போய்விடும். அடுத்த முறை கல்லாறு தாண்டுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி, பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிந்தால் மலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.