புட்டியின் பின்பக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் புறப்படும் உழவர், புட்டியின் மேலுள்ள நிறத்தை முதலில் பார்க்கிறார். சாய்ந்த சதுரம் ஒன்றின் கீழ்ப்பாதியில் சிவப்பு இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் கடும் நஞ்சு. நீலம் நடுத்தர நஞ்சு. பச்சை ஓரளவு நஞ்சு. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று கருதுவோரும் உண்டு, அது பிழை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் இயற்றப்பட்ட விதிகள் இந்நிறங்களை வகுத்தன. லேபிள் எனப்படும் விவரச்சீட்டில் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, அப்பொருள் விற்கப்படும் வட்டாரத்தின் மொழியும் இடம்பெற வேண்டும் என்று கூறுவனவும் அவ்விதிகளே. ‘பாதுகாப்பானது’, ‘தீங்கற்றது’ என்னும் சொற்களை நஞ்சுப் புட்டியில் அச்சிடுவதையும் அவை தடுக்கின்றன.

அதே உழவரின் வீட்டு மாடத்தில் வேறு சில புட்டிகளும் உண்டு. குழந்தைக்கான எண்ணெய், பவுடர், சோப்பு, கண்மை ஆகியவை அவை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களில் இளந்தாய்மார் பலர் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். அந்நாள்களில் குழந்தையைக் கால்களின்மேல் கிடத்திக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுபவர் அப்பத்தாவோ அம்மாச்சியோதான். அவருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்கலாம். ஆனால், அவர் கையிலுள்ள புட்டியின் பின்பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. பயிருக்கு அடிக்கும் நஞ்சுக்குக் கட்டாயமான வட்டாரமொழி, பச்சிளங்குழந்தையின் மேனியில் பூசும் பொருளுக்கு உற்பத்தியாளரின் விருப்பமாக நின்றுவிட்டது.

தோல் என்னும் வாயில்

குழந்தையின் தோல் பெரியவர் தோலின் சிறிய வடிவம் அன்று. அதன் வெளியடுக்கு மெல்லியது. வெளியிலிருந்து வரும் பொருள்களை எளிதில் உள்ளே விடக்கூடியது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பச்சிளங்குழந்தையின் தோற்பரப்பு பெரியவருக்கு உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆகவே ஒரே எண்ணெயை உடல் முழுவதும் பூசும்போது, ஒவ்வொரு கிலோ எடைக்கும் குழந்தை ஏற்கும் அளவு கூடுகிறது. ஈரத்துணி கட்டிய இடங்களில் தோல் ஊறிப் புண்ணாகிவிட்டால் இந்த வாயில் மேலும் அகன்றுவிடும்.

இந்தியாவில் இப்பொருள்களை ஆள்வது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம். தொடக்கத்தில் மருந்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த அச்சட்டத்தில் 1962ஆம் ஆண்டின் திருத்தத்தால் அழகுப் பொருள்களும் சேர்க்கப்பட்டன. குழந்தைப் பவுடரை ‘அழகுப் பொருள்’ என்பது விந்தையாகத் தோன்றலாம். உடலில் தேய்க்கவோ ஊற்றவோ தூவவோ தெளிக்கவோ, தூய்மைக்கும் அழகுக்கும் உரிய எதையும் அச்சொல்லுக்குள் சட்டம் அடக்குகிறது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகள். உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்னும் குறிப்பு, சேர்பொருள் பட்டியல் ஆகியன அவ்விதிகள் கேட்பவை.

இவற்றுள் சேர்பொருள் பட்டியலைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. அதன் வரிசை அகரவரிசை அன்று, அளவின் இறங்குவரிசை. ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மிகுதியானது முதலாக அடுக்கப்படும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைந்தும் உள்ளவை அவற்றின் பின்னே எவ்வரிசையிலும் வரலாம். புட்டியின் முன்பக்கத்தில் பாதாம்பருப்பின் படம் இருக்கலாம். பின்பக்கப் பட்டியலோ பெட்ரோலியத்திலிருந்து பெறும் திரவப் பாரஃபினில் தொடங்கி, பாதாம் எண்ணெயைக் கடைசி வரியில் காட்டலாம். திரவப் பாரஃபின் நஞ்சன்று; குழந்தை எண்ணெய்களில் நெடுங்காலமாகப் பயன்படுவதுதான். எனினும் விலை கொடுப்பவர் பாதாமுக்காகக் கொடுக்கிறார்.

நறுமணத்தின் நிலை வேறு. ‘பர்ஃப்யூம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் பற்பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்க முடியும். ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்கள் குறித்த அளவைக் கடந்தால் அவற்றைத் தனித்தனியே பெயர் சுட்ட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் விதித்தது. பிறகு அப்பட்டியல் இன்னும் நீண்டது.

ஒரு சோப்புறையின் எச்சரிக்கை

இந்திய விதிகளுள் ஓர் எச்சரிக்கை வாசகம் உண்டு. ஹெக்ஸாகுளோரோஃபின் என்னும் கிருமிக்கொல்லியை அழகுப் பொருள்களில் சேர்க்கக் கூடாது. சோப்பில் மட்டும் ஒரு விழுக்காடு வரை சேர்க்கலாம். அவ்வாறு சேர்த்தால், ‘குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று உறையின்மேல் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். அவ்வாசகத்தின் கனத்தை உணர 1972ஆம் ஆண்டின் பிரான்சை நினைக்க வேண்டும்.

அந்நாளில் ஹெக்ஸாகுளோரோஃபின் நன்மதிப்புப் பெற்ற பொருள்; மருத்துவமனைகளிலேயே பயன்பட்டது. பிரான்சில் குழந்தைகளுக்கான டால்க் பவுடர் ஒன்றில், தயாரிப்பின்போது நேர்ந்த தவறால் அது 6.3 விழுக்காடு கலந்துவிட்டது. குழந்தைகளின் இடைப்பகுதித் தோல் சிவந்து புண்ணானது. பெற்றோர் புண் ஆறட்டும் என்று அதே பவுடரை மேலும் தூவினர். வாந்தியும் வலிப்பும் தொடர்ந்தன, மூளை வீங்கியது. பாதிக்கப்பட்டோர் 204 பேர். இறந்தோர் 36 பேர்.

அப்பவுடரின் சேர்பொருள் பட்டியலை எவ்வளவு கூர்ந்து படித்திருந்தாலும் அக்குழந்தைகள் தப்பியிருக்க இயலாது. பட்டியல் கூறுவது உற்பத்தியாளர் சேர்க்க நினைத்ததை மட்டுமே. தவறு நேரும்போது உதவுவது, எவரும் பொருட்படுத்தாத தொகுதி எண். ஒரே வேளையில் கலக்கப்பட்ட பொருள் முழுவதற்கும் அவ்வெண் ஒன்றே. அதைக்கொண்டுதான் தேனியில் விற்றதையும் போடியில் விற்றதையும் இனம்கண்டு திரும்பப் பெற முடியும். குழந்தையின் தோலில் தடிப்புக் கண்டு மருத்துவரிடம் செல்பவர், அப்புட்டியையும் உடன் கொண்டு செல்ல வேண்டியது இதனாலேயே.

சிறு பொட்டலத்தின் மௌனம்

விதிகளில் ஒரு விலக்கும் இருக்கிறது. 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவங்களும் 30 கிராமுக்குக் குறைந்த திண்மப் பொருள்களும் சேர்பொருள் பட்டியலைத் தாங்க வேண்டியதில்லை. சிறிய உறையில் இடமில்லை என்பது அதற்குரிய நியாயம். ஆனால், நாட்கூலியில் வாழும் குடும்பம் சிற்றூர்க் கடையில் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சிறிய அளவைத்தான். கண்மைச் சிமிழும் இவ்விலக்கிற்குள் அடங்கிவிடுகிறது.

கண்மை தனியே கருதத்தக்கது. ஆமணக்கெண்ணெய் விளக்கின் கரியைத் திரட்டி வீட்டில் செய்யும் மை வேறு. காரீயக் கனிமத்தை அரைத்துச் செய்யும் சுர்மா வேறு. இரண்டும் கறுப்பு, பார்வையால் பிரித்தறிய இயலாது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மையிட்ட கண்ணைக் கசக்கிய விரல் அடுத்த நொடியில் வாய்க்குள் செல்லும். நிறம் தருவதற்குக் காரீயச் சேர்மங்களையோ ஆர்சனிக் சேர்மங்களையோ அழகுப் பொருள்களில் பயன்படுத்துவதை இந்திய விதிகள் தடை செய்துள்ளன. உரிம எண்ணும் முகவரியும் இல்லாமல் திருவிழாக் கடைகளில் விற்கும் சிமிழ் அத்தடையைப் பின்பற்றியதா என்பதை அறிய வழியில்லை. வீட்டில் காய்ச்சிய சோப்பையும் எண்ணெயையும் அக்கம்பக்கத்தில் விற்போருக்கும் இவ்வுரிமம் தேவை என்பது பலர் அறியாதது.

ஐயம் எழுந்தால் வாங்கியவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொருளை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி, அதனை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அளித்துக் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது. ஏற்பு பெற்ற நுகர்வோர் அமைப்புக்கும் இவ்வுரிமை உண்டு. பொருளும் அதன் உறையும், வாங்கிய கடையின் ரசீதும் கையிலிருந்தால் போதுமானது. உறையைப் பிரித்தவுடன் அடுப்பில் போட்டுவிடும் வீடுகளில் அம்முயற்சி தொடக்கத்திலேயே நின்றுவிடும்.