பொது ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி: உருவாக்கமும் சான்றுத்தன்மையும்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் இடத்தைப் பலர் பல காலங்களில் எடுத்த ஒளிப்படங்களை ஒப்பிட்டு, அவ்விடத்தைச் சுற்றிவந்து பார்க்கத்தக்க முப்பரிமாணக் காட்சியாகக் கணினி அமைத்துத் தருகிறது. இம்முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பாரிசு நோத்ர தாம் பேராலயம், ஆப்கானித்தானின் பாமியான் புத்தர் சிலை ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு, இவ்வாறு உருவாகும் காட்சியை ஆய்வாளர் எந்த அளவிற்கு ஆவணமாக ஏற்கலாம் என்பதையும் ஆராய்கிறது. படங்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும் பரப்பே காட்சியின் எல்லையை வரையறுக்கிறது. எனவே மூலப்படங்களே முதன்மைச் சான்று, காட்சி அவற்றின் பதிப்பு என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முப்பரிமாணக் காட்சி, ஒளிப்பட அளவையியல், பொதுப்பரப்பு, புள்ளித்திரள், பண்பாட்டு ஆவணம்

முன்னுரை

புகழ்பெற்ற கட்டடம் ஒன்றின் முன் நிற்கும் பயணியர் ஒவ்வொருவரும் ஒரு படமேனும் எடுத்துச் செல்கின்றனர். ஒருவர் வாயிலருகே நின்று எடுக்கிறார். மற்றொருவர் தெருவின் மறுபக்கத்திலிருந்து எடுக்கிறார். ஒரு படம் காலை வெயிலிலும் பிறிதொன்று மழை மாலையிலும் எடுக்கப்பட்டிருக்கும். தனித்தனியே நோக்கின் இவை நினைவுப் படங்களே. ஒருங்கே திரட்டி ஒப்பிட்டால், அக்கட்டடத்தின் வடிவத்தையும், ஒவ்வொருவரும் நின்ற இடத்தையும் இவற்றிலிருந்தே கணக்கிட முடியும். இக்கணக்கீட்டின் அடிப்படை பழையது. அதனை ஒழுங்கற்ற பொதுப் படங்களுக்கும் பொருத்தியமையே அண்மைக்கால வளர்ச்சியாகும்.

ஒளிப்பட அளவையின் தொடக்கம்

செருமானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர் 1858ஆம் ஆண்டில் வெட்சுலார் நகரப் பேராலயத்தை அளந்துகொண்டிருந்தபோது, உயரத்திலிருந்து விழும் நிலைக்கு ஆளாகி உயிர் தப்பினார். கட்டடத்தின்மேல் ஏறி அளப்பதற்கு மாற்றாக, ஒளிப்படத்தில் அளக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு அந்நிகழ்விலிருந்து தோன்றியது. இத்துறைக்குரிய செருமானியப் பெயரை அவர் 1867இல் வழங்கினார். அவருடைய முயற்சியால் 1885இல் பெர்லினில் பிரசிய அரசின் ஒளிப்பட அளவை நிறுவனம் தொடங்கப்பெற்றது. நினைவுச் சின்னங்கள் அழியினும் அவற்றை மீண்டும் வரைந்துகொள்ளும் அளவுக்குத் துல்லியமான படங்களைச் சேமித்து வைப்பது அதன் நோக்கமாக இருந்தது.

மைடன்பவரின் முறையில் படக்கருவியின் இயல்புகள் முன்னரே அளந்தறியப்பட்டவை. படம் எடுக்கும் இடமும் திட்டமிட்டுத் தெரிவு செய்யப்பட்டது. பயணியர் எடுக்கும் படங்களில் இவ்விரண்டும் தெரியாதவை. எந்தக் கருவி, எந்த இடம், எந்தத் திசை என்பனவற்றையும் படங்களிலிருந்தே கண்டறிய வேண்டியுள்ளது.

காட்சி உருவாகும் படிநிலைகள்

முதற்படி, அடையாளப் புள்ளிகளைக் கண்டறிதல். ஒவ்வொரு படத்திலும் பிற பகுதிகளிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்க சிறு பகுதிகளைக் கணினி தேடுகிறது. சிற்பத்தின் விளிம்பு, சாளரத்தின் மூலை, கல்லின் வெடிப்பு போன்றவை இத்தகையன. கனடா நாட்டு ஆய்வாளர் டேவிட் லோ 1999இல் வெளியிட்டு 2004இல் விரிவாக விளக்கிய 'சிஃப்ட்' என்னும் முறை இதற்கு வழிவகுத்தது. இது ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களாகக் குறிக்கிறது. படம் பெரிதானாலும் சிறிதானாலும் சற்றுச் சாய்ந்தாலும் அவ்வெண்கள் பெரிதும் மாறுவதில்லை.

இரண்டாம்படி, ஒப்புநோக்கல். ஒரு படத்தின் புள்ளிகளைப் பிற படங்களின் புள்ளிகளோடு கணினி ஒப்பிடுகிறது. இரு படங்களிலும் இடம்பெறும் பகுதியை இக்கட்டுரை 'பொதுப்பரப்பு' எனக் குறிப்பிடுகிறது. பொதுப்பரப்பு இல்லாத இரண்டு படங்களை நேரடியாக இணைக்க இயலாது. தற்செயலாக ஒத்துப்போகும் தவறான இணைகளும் இப்படியில் வரும். இரு நோக்குநிலைகளுக்கிடையே வடிவியல் முறைப்படி அமையக்கூடிய தொடர்புக்குப் பொருந்தாதவை நீக்கப்படுகின்றன.

மூன்றாம்படி, இடம் காணல். ஓடும் தொடர்வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள மரங்கள் விரைந்து பின்செல்வனவாகவும் தொலைவிலுள்ள மலை நகராது நிற்பதாகவும் தோன்றும். இவ்வேறுபாட்டிலேயே தொலைவு பற்றிய செய்தி அடங்கியுள்ளது. ஒரே புள்ளி இரண்டு படங்களில் எவ்வளவு இடம்பெயர்ந்துள்ளது என்பதைக் கொண்டு, புள்ளியின் ஆழமும் படக்கருவிகள் இருந்த இடங்களும் ஒருசேரக் கணக்கிடப்படுகின்றன. பொருத்தமான இரண்டு படங்களில் தொடங்கி, ஏனையவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகின்றன.

நான்காம்படி, சீரமைத்தல். படங்கள் சேரச்சேரச் சிறு பிழைகளும் சேர்ந்து பெருகும். எனவே எல்லாப் புள்ளிகளையும் எல்லாக் கருவிநிலைகளையும் ஒருங்கே திருத்தி, மொத்தப் பிழையைக் கணினி குறைக்கிறது. வான்வழி நில அளவையில் முன்னரே வழங்கிய கணிதமுறை இது. இதன் முடிவில் கிடைப்பது புள்ளித்திரள். வெளியில் மிதக்கும் ஆயிரக்கணக்கான வண்ணப் புள்ளிகளால் கட்டடத்தின் உரு அதில் புலப்படும்.

ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் காணும் பதிப்புப் பணியோடு இதனை ஒப்பிடலாம். பல படிகளில் ஒத்துவரும் பாடம் உறுதி பெறுவதுபோல, பல படங்களில் ஒத்துவரும் புள்ளியே காட்சியில் இடம்பெறுகிறது. ஒரே படத்தில் மட்டும் வருவது, அதாவது அப்போது கடந்துசென்ற மனிதரோ பறவையோ, துணைச்சான்று இன்மையால் விலக்கப்படுகிறது.

நோத்ர தாம் முதல் உரோம் வரை

வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோவா ஸ்நேவ்லி, ஸ்டீவன் சைட்ஸ் ஆகியோரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சார்ந்த ரிச்சர்ட் செலிஸ்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையாகும். 'ஃபிளிக்கர்' தளத்தில் பொதுமக்கள் பதிவேற்றிய நோத்ர தாம் பேராலயப் படங்கள் 2,635ஐ அவர்கள் திரட்டினர். அவற்றுள் 597 படங்களே ஒரே காட்சியாக இணைந்தன. அக்காலக் கணினியில் இப்பணி ஏறத்தாழ இரண்டு வாரம் நடைபெற்றது. பார்வையாளர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு, அதனை எடுத்தவர் நின்ற இடம் நோக்கி நகர்வதுபோலச் செல்ல முடிந்தது. ஒரு படத்தில் ஒரு சிற்பத்திற்கு எழுதிய குறிப்பு, அதே சிற்பம் தோன்றும் பிற படங்களிலும் தானே இடம்பெற்றது.

இக்குழுவினர் பிறருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 500 கணிப்புக் கருக்கள் கொண்ட கணினித் தொகுதியைக் கொண்டு, உரோம் நகரின் ஏறத்தாழ 1,50,000 படங்களை ஒரு நாளுக்குள் செயற்படுத்திக் காட்டியது. இரு வாரம் ஒரு நாளாயிற்று. படங்களின் எண்ணிக்கையோ பன்மடங்காயிற்று.

ஆயினும் முதல் ஆய்வில் இணையாது நின்ற இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களும் எண்ணத்தக்கவை. இணைந்த படங்களுள் பெரும்பாலானவை பேராலயத்தின் மேற்கு முகப்பைக் காட்டுவன. பயணியர் மிகுதியாக நிற்பது அங்கேதான். 2019 ஏப்ரல் 15 அன்று நேர்ந்த தீயில் அப்பேராலயத்தின் கூர்ங்கோபுரமும் கூரையைத் தாங்கிய இடைக்கால ஓக் மரச்சட்டகமும் அழிந்தன. மேற்கு முகப்பு நிலைத்து நின்றது. பயணியர் ஆயிரமாயிரமாகப் படமெடுத்த பகுதி எஞ்சியது. அவர்கள் காணவியலாத கூரையுட்பகுதி எரிந்தது. மரச்சட்டகத்தை மீண்டும் அமைப்பதற்குத் துணைநின்றவை, தீக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டடக் கலைஞர் ரெமி ஃபுரோமோன், செத்ரிக் திரந்தெசோ ஆகியோர் உள்ளே சென்று அளந்து வரைந்த வரைபடங்களும், கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் போன்றோர் எடுத்த லேசர் அளவைகளும் ஆகும். மக்கள் திரளின் பார்வை விரிந்தது; ஆயினும் அது எங்கும் செல்வதில்லை.

பாமியான் தரும் பாடம்

50 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய பாமியான் பெரிய புத்தர் சிலை 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டது. சூரிக் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆர்மின் குருன், ஃபேபியோ ரெமோண்டினோ, லி ஜாங் ஆகியோர் அதனைக் கணினியில் மீட்டுருவாக்க முனைந்தனர். இணையத்தில் கிடைத்த படங்கள், பயணியர் எடுத்த படங்கள், 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கருவி கொண்டு எடுத்த மூன்று படங்கள் என மூவகைச் சான்றுகள் அவர்களுக்குக் கிடைத்தன.

இணையப் படங்கள் அளவிலும் தெளிவிலும் எடுத்த காலத்திலும் வேறுபட்டிருந்தன. துல்லியமான உருவத்தைத் தந்தவை கோஸ்ட்காவின் மூன்று படங்களே. அவற்றிலும் கணினியின் தானியங்கு ஒப்பீடு, சிலையின் ஆடை மடிப்புகளை மழுங்கச் செய்தது. மடிப்புகளை மீட்க, ஆய்வாளர்கள் கையால் புள்ளிகளைக் குறித்து அளக்க வேண்டியதாயிற்று. படங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் தன்மையும், அவற்றை ஆராயும் கண்ணும் இன்றியமையாதன என்பதை இது காட்டுகிறது.

காட்சியில் விடுபடுவன

இம்முறையின் இயல்பிலேயே சில எல்லைகள் உள்ளன. வெறுஞ்சுவர், நீர்ப்பரப்பு, கண்ணாடி ஆகியவற்றில் நிலையான அடையாளப் புள்ளிகள் அமைவதில்லை. அவை காட்சியில் வெற்றிடங்களாகும். ஒன்றுபோலவே அமைந்த தூண்வரிசையில் ஒரு தூணை மற்றொரு தூணாகக் கணினி மயங்கலாம். ஒரே இடத்தில் நின்று படக்கருவியைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்கள் அகலப்படம் ஒன்றாக இணையுமேயன்றி ஆழத்தைத் தாரா; ஆழத்தை அறிய நின்ற இடம் மாற வேண்டும். படங்களிலிருந்து மட்டும் பொருளின் உண்மை அளவும் புலப்படாது. அருகிலுள்ள சிறிய உருவும் தொலைவிலுள்ள பெரிய உருவும் ஒரே படத்தைத் தரக்கூடும். காட்சியில் எங்கேனும் நீளம் தெரிந்த பொருள் ஒன்று இருந்தாலன்றி மீட்டர்க் கணக்கு பெறவியலாது.

2020இல் அறிமுகமான நெர்ஃப் முறையும் 2023இல் வெளிவந்த காசியன் தெளிப்பு முறையும் புள்ளித்திரளைக் காட்டிலும் இயல்பான தோற்றத்தைத் தருகின்றன. எனினும் படக்கருவிகளின் நிலைகளைக் கண்டறிய, பெரும்பாலும் மேற்கூறிய படிநிலைகளையே அவையும் முதலில் சார்ந்துள்ளன. ஆய்வாளர் கருதத்தக்க வேறுபாடு பிறிதொன்று. புள்ளித்திரளில் சான்றில்லாத இடம் வெற்றிடமாகவே தெரியும். புதிய முறைகளில் அவ்விடம் அண்டைப் பகுதிகளின் சாயலால் நிரம்பி, உண்மைபோலத் தோன்ற இடமுண்டு. சிதைந்த பாடலடியைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்புக்கும், அடியைத் தாமே இட்டு நிரப்பும் பதிப்புக்கும் உள்ள வேறுபாடு இது.

காட்சியின் நிலைபேறு

2006ஆம் ஆண்டு ஆய்வின் வழிவந்த 'போட்டோசிந்த்' என்னும் மைக்ரோசாஃப்ட் சேவை 2008 ஆகத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எவரும் தம் படங்களைப் பதிவேற்றிக் காட்சியாக்கிக்கொள்ள முடிந்தது. 2017 பிப்ரவரியில் அத்தளம் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் தளத்தையும் அதற்கே உரிய கோப்பு வடிவத்தையும் சார்ந்து நின்ற காட்சிகளைப் பின்னர் அங்குக் காண இயலாது போயிற்று. மூலப்படங்களைத் தம்மிடம் வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளைக் கொண்டு அவற்றை மீண்டும் காட்சியாக்கலாம். காட்சியை மட்டும் நம்பியிருந்தவர்க்கு அவ்வாய்ப்பில்லை.

கல்வெட்டு, நடுகல், கோயிற் சிற்பம் ஆகியவற்றைக் களத்தில் ஆவணப்படுத்துவோர்க்கு இவற்றிலிருந்து பெறத்தக்க நெறிகள் உள்ளன. மைப்படி எழுத்தைக் காக்கிறது. கல்லின் வடிவத்தையும் அது நிற்கும் சூழலையும் காப்பதில்லை. முன்பக்கத்திலிருந்து எடுத்த ஒற்றைப் படத்திற்கும் இக்குறை உண்டு. பொருளைச் சுற்றிவந்து, அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேற்பட்ட பரப்பைப் பகிருமாறும், ஒவ்வொரு பகுதியும் குறைந்தது மூன்று படங்களில் இடம்பெறுமாறும் எடுத்தல் வேண்டும். நீளம் தெரிந்த அளவுகோல் ஒன்றை அருகில் வைத்தல் வேண்டும். பின்புறம், அடிப்பகுதி, நிழலில் மறைந்த பக்கம் ஆகியவற்றைத் தேடிச்சென்று பதிவு செய்தல் வேண்டும். நாள், இடம், எடுத்தவர் பெயர் ஆகிய குறிப்புகளுடன் மூலப்படங்களைக் குறைக்காமல் சேமித்தல் வேண்டும். காட்சியை வெளியிடும்போது, எத்தனை படங்கள் பயன்பட்டன, எவ்விடங்கள் சான்றின்றி உள்ளன என்பனவும் உடன் தெரிவிக்கப்படுதல் வேண்டும்.

முடிவுரை

பொதுமக்களின் படங்களிலிருந்து எழும் முப்பரிமாணக் காட்சி, அழிந்த அல்லது அழியக்கூடிய இடங்களை ஆராய்வதற்கு வலிய துணையாகும். அதன் வலிமை பொதுப்பரப்பிலிருந்து பிறக்கிறது. அதன் எல்லையும் அதுவே. பலர் கண்டது அதில் செறிந்து நிற்கும்; எவரும் காணாதது இடம்பெறாது. ஆகவே காட்சியை மூலமாகக் கொள்ளாது, மூலப்படங்களை ஒப்புநோக்கிச் செய்த ஒரு பதிப்பாகக் கொள்வதே பொருத்தமாகும். ஏடுகள் காக்கப்படின் பதிப்பைத் திருத்திக்கொள்ளலாம். படங்கள் காக்கப்படின், இன்றைய முறைகளைவிடச் சிறந்த முறை தோன்றும்போது காட்சியையும் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.