கிருமிநீக்கத் துணை விளைபொருள்கள்

குடிநீரிலுள்ள நோய்க்கிருமிகளை அழிக்கக் கலக்கப்படும் குளோரின் போன்ற வேதிப்பொருள்கள், அந்நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள பொருள்களுடன் வினைபுரிவதால் உண்டாகும் சேர்மங்கள் கிருமிநீக்கத் துணை விளைபொருள்கள் எனப்படுகின்றன. ஆறு, ஏரி நீரில் இலைதழைகள் மட்கிய கரிமப் பொருள் எப்போதும் சிறிதளவு இருக்கும். குளோரின் அதனுடன் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் உருவாகின்றன. குளோரோஃபார்ம் முதல் வகையைச் சேர்ந்தது. நீர் வெதுவெதுப்பாக இருந்தாலோ குழாயில் நீண்ட நேரம் தங்கினாலோ இவற்றின் அளவு கூடும்.

குளோரின் கலந்த குடிநீர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவலாகிவிட்டது. ஆனால் இச்சேர்மங்கள் 1974இல்தான் கண்டறியப்பட்டன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் யோகன்னஸ் ரூக், ஆற்றுநீரில் இல்லாத குளோரோஃபார்ம் குளோரின் கலந்தபின் தோன்றுவதைக் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் இதையே கண்டனர். அதிக அளவு குளோரோஃபார்ம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது 1976இல் தெரியவந்தது.

மனிதரைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. இத்தகைய நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியோரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றே கூடுதலாகக் காணப்பட்டதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. குடிப்பதால் மட்டுமன்றி, குளிக்கும்போது ஆவியைச் சுவாசிப்பதாலும் தோல் வழியாகவும் டிரைஹாலோமீத்தேன்கள் உடலில் சேர்கின்றன. இது பலரும் நினைத்துப் பாராத வழி. அமெரிக்காவில் நான்கு டிரைஹாலோமீத்தேன்களின் கூட்டளவுக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். அதாவது 1,000 லிட்டர் தொட்டி நீரில் 80 மில்லிகிராம்.

இவற்றைக் குறைக்கும் முயற்சியே வேறு தொல்லையைக் கொண்டுவந்ததும் உண்டு. வாஷிங்டன் நகரில் 2000ஆம் ஆண்டு குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் பயன்படுத்தத் தொடங்கினர். துணை விளைபொருள்கள் குறைந்தன. ஆனால் பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து, வீட்டுக் குழாய்நீரில் ஈயம் கலந்தது. 2004இல் இச்செய்தி வெளிவந்தபின், அரிப்பைத் தடுக்கப் பாஸ்பேட் சேர்க்கப்பட்டது. ஓசோனும் முற்றிலும் குறையற்றதன்று. நீரில் புரோமைடு இருந்தால் அது புரோமேட்டைத் தரும்.

ஆகவே குளோரின் கலக்கும் முன்பே படிகாரம் இட்டுக் கரிமப் பொருளைப் படியவைத்து நீக்குவதே நல்ல முறை. செயலூட்டப்பட்ட கரி வடிகட்டியும் உதவும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் டிரைஹாலோமீத்தேன்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இவற்றுக்கு அஞ்சிக் கிருமிநீக்கத்தைக் கைவிடலாகாது என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. காலராவும் டைஃபாய்டும் பரவப் பல்லாண்டுகள் தேவையில்லை. சில நாள்களே போதும்.